சிவப்பில் கரைந்த பறவைகள்

பூட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இளவயதில் மின்வேலை கற்கப் போனவரை, வயரின் நிறத்தைச் சொல்லச் சொன்ன அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகட்டும் என்று பூட்டு, சாவி பக்கம் வந்துவிட்டார்.

அவர் மனைவிக்கோ நிறம்தான் உயிர். நூல்கடைக்குள் நுழைந்தால் அலமாரி முன்னால் நின்று கண்ணை மேயவிடுவாள்; என்ன பின்னப்போகிறோம் என்பதே அப்புறம்தான். ஆனால் கணவனுக்கு மட்டும் எப்போதும் சாம்பல், இல்லையென்றால் கருநீலம். நிறம் தெரியாத மனுஷனுக்கு எதற்கு என்ற நினைப்பு.

"ஊருக்கெல்லாம் பூவும் பறவையுமா பின்னுற, எனக்கு மட்டும் கோணிப்பையா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். அவளும் சிரித்தாள். பிறகுதான் சுருக்கென்றது.

அடுத்து அவருக்குப் பின்னும் ஸ்வெட்டரிலாவது நிறத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று முடிவு செய்தாள். தனக்கு மிகவும் பிடித்த இரண்டை எடுத்தாள்: ஆழ்ந்த சிவப்பு, இலைப் பச்சை. இரண்டு நூலையும் விரலில் சுற்றிக்கொண்டு, பறவை வரும் இடத்தில் பச்சை, மற்ற இடத்தில் சிவப்பு என்று மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். சும்மா இருக்கிற நூல் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். மார்பைச் சுற்றிப் பறவைக் கூட்டம் வந்ததும் தூக்கிப் பிடித்தாள்.

"எப்படி இருக்குங்க?"

"மெத்துன்னு இருக்கு. பறவை எங்க?"

கிண்டலில்லை. நிஜமாகவே உள்பக்கத்தைத் திருப்பித் தேடினார்.

நூல்கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டாள். "அக்கா, அவர் கண்ணு இப்படின்னு தெரிஞ்சும் இதை எடுத்தேன் பாருங்க, என் புத்தியை எதால அடிக்க?"

"அவர் கண்ணை விடு. கருப்பு வெள்ளையா ஒரு போட்டோ எடுத்துப் பாரு, அப்புறம் பேசு."

எடுத்தாள். ஒரு பறவைகூட இல்லை. படம் முழுக்க ஒரே சாம்பல்.

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு சங்கதி இருக்கிறது: ஒன்று அது சிவப்பா பச்சையா என்பது, மற்றது அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. அவள் எடுத்த இரண்டும் ஒரே அளவு இருட்டு. பின்னலைச் சன்னல் ஓரம் சாய்த்து வைத்து, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்கே பழுப்புத் துணியாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமும் நிறத்தை மடியில் வைத்து மட்டுமே பார்த்திருக்கிறாள்!

அப்படியே முடித்துத் தானே போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசையும் வந்தது. பக்கத்தில் பார்த்தால் அத்தனை அழகு. ஆனால் கேட்டவர் அவர். பறவைகளைப் பிரித்தாள்; அவர் கையை நீட்ட, நூலை அதில் சுற்றினாள். மிச்ச நூலையெல்லாம் கட்டிலில் கொட்டி, "சிவப்பு இருக்கட்டும். ஜோடியை நீங்க எடுங்க" என்றாள். முதல்முறையாக.

கண்ணை இடுக்கிப் பார்த்தவர், வெளிறிய எலுமிச்சை நிற நூல்கண்டு ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு குழந்தைத் தொப்பிக்கு வாங்கி, வாங்கிய அன்றே நொந்துகொண்ட நூல் அது.

"இதுவா? கண்ணை உறுத்துமேங்க."

"உன் கண்ணைத்தானே?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னினாள். நாலைந்து வரிசை ஏறியதும் கை மெதுவானது. பச்சையோடு கிடந்தபோது அடங்கியிருந்த சிவப்பு, எலுமிச்சை பக்கத்தில் வந்ததும் கனன்றது. அதே நூல்தான், பக்கத்தில் இருப்பது மாறியதும் குணம் மாறிவிட்டது. பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பின்னினாள்.

மறுபடி பறவைகள் சுற்றி வந்ததும் அவர் தோளில் வைத்துப் பார்த்தாள். அவர் கண்ணாடி முன் போய் நின்றார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"ஏம்மா..."

"என்னங்க?"

"இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் வால் இல்ல?"

குனிந்து பார்த்தாள். பின்னலில் ஒரு கண்ணி தவறியிருந்தது.

"வந்துட்டாரு குத்தம் கண்டுபிடிக்க!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் ஊசியை எடுத்தாள்.