செம்பிலாங் குத்திய ஞாயிறு

தர்மேந்திரன் மெர்லிமா டவுனில் ஒரு மரக்கிடங்குக்கு இரவுக் காவல். அவன் மனைவி ராகினி எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் பகல் வேலை. விடியுமுன் கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகுதான் அவன் வீட்டுக்கு வருவான். ஓவர்டைம் முடிந்து அவள் திரும்பும்போது அவன் கிளம்பியிருப்பான். செலண்டார் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான்.

அபூர்வமாக இருவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. தூண்டிலை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் செர்காம் கடலோரத்துக்குப் போனார்கள். நீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. ராகினி ஒரு பாறையில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள்.

அவன் அலறியதில்தான் விழித்தாள்.

கல்லிடுக்கில் சிக்கிய தூண்டில் நரம்பை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். உள்ளே செம்பிலாங் இருந்திருக்கிறது. கெளுத்தித் தலையும் விலாங்கு வாலுமாக ஒல்லியான மீன். அதன் விஷமுள் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மீன் வழுக்கிக்கொண்டு அடுத்த கல்லுக்கடியில் போய் மறைந்தது.

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஓடிவந்து பார்த்தார். "செம்பிலாங்! கிளினிக், செப்பாட்!" என்று சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினார்.

வலி தோள்வரை ஏறிவிட்டது. தர்மேந்திரனால் விரலை மடக்கக்கூட முடியவில்லை. ராகினி சாவியை அவன் பையிலிருந்து எடுத்து மோட்டாரை உதைத்தாள்.

"ஏறுங்க."

"ஒனக்கு லைசன் இல்லலா."

"ஒங்களுக்குக் கை இருக்கா? ஏறுங்க."

சின்ன வயதில் அண்ணனின் மோட்டாரைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டியிருக்கிறாள். பெரிய சாலையில் ஓட்டுவது இதுதான் முதல்முறை. எதிரே லாரி வரும்போதெல்லாம் ஓரத்துப் புல்லில் இறக்கி ஏற்றினாள். பின்னால் அவன் முனகிக்கொண்டே அவள் தோளைப் பிடித்திருந்தான்.

மெர்லிமாவில் ஒரு கிளினிக் திறந்திருந்தது. ஊசி போட்டார்கள். தாதி ஒரு பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, கையை அதில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது.

"பாவம், அது சும்மா கல்லுக்கடியிலதான் கெடந்துச்சி. நான்தான் கைய விட்டேன்" என்றான்.

ராகினி சிரிக்கவில்லை. "அழுக்குச் சட்ட கெடக்கிறத பாத்துத்தான் நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதே எனக்குத் தெரியுது" என்றாள்.

"பகல் டூட்டி கேட்டுப் பாக்கிறேன்" என்றான் மெதுவாக.

அதற்குள் அவள் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். சிறிது நேரத்தில் அவனும் தூங்கிவிட்டான். வெந்நீர் மாற்ற வந்த தாதி இருவரையும் பார்த்தாள். ஆறிய நீரிலிருந்து அவன் கையை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் போனாள்.

டாக்டர் வேலைக்குப் போகாமலிருக்க எம்.சி. கொடுத்திருந்தார். மறுநாள் விடியற்காலையில் ராகினி எழுந்தபோது தர்மேந்திரன் அடுப்பருகே நின்று, வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்தபடி, இடக்கையால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"பஸ் வர்ற வரைக்கும் ஒக்காரு" என்றான்.

அவள் உட்கார்ந்தாள்.