நேரத்துக்கு முன்னால் ஓடிய பை

தொண்டை அறுவை முடிந்து, மூக்கில் குழாயோடு படுத்திருந்த பஸ் டிரைவருக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. குழாய்வழிச் சாப்பாடு இறங்கியதும் வயிறு உறுமும். முதல் நாள் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாம் நாள், லிஃப்ட்தான் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டு, லிஃப்ட் தங்கமாக இருக்கிறதென்று எழுதிக் கொடுத்துப் போனார்.

சாப்பாட்டை மாற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். வயிறு மாறவில்லை.

"நாளைக்கும் இப்படின்னா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விட முடியாது" என்றார் டாக்டர். டிரைவருக்குத் திக்கென்றது. பத்து நாளாக நாற்காலியிலேயே தூங்கி, மனைவியின் முதுகு நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டது. நடக்கும்போதும் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நர்ஸ் சாப்பாட்டுப் பையை மாட்டி, குழாயிலிருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகி, சொட்டுச் சொட்டாக விட்டுப் போனாள். டிரைவர் அதையே பார்த்தார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்தாலே நெஞ்சடைக்கும் மனுஷர். மனைவி தண்ணீர் பிடிக்கப் போன சமயம், தினமும் செய்வது போலவே, சக்கரத்தை முழுசாகத் திறந்துவிட்டார்.

தெர்மாமீட்டரை மறந்து வைத்துவிட்டுப் போன நர்ஸ் கால் மணியில் திரும்பி வந்தாள். பை காலி.

"ஐயா! ஒன்றரை மணி நேரத்துச் சாப்பாடு எங்க?"

பேச முடியாத டிரைவர் பெருமையாகச் சிலேட்டில் எழுதினார்: "வந்து சேர்ந்தாச்சு." வயிறு உறுமி ஆமோதித்தது. ஜன்னல் அதிர்ந்தது.

"அடப்பாவி மனுஷா!" வாசலில் பாட்டிலோடு மனைவி. "நான் அந்த டாக்டரைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேனே!"

நர்ஸ் திட்டவில்லை. "நேரத்துக்கு முன்னாடியே ஸ்டாப்பை விட்டுக் கிளம்பினா என்ன ஆகும் ஐயா?"

டிரைவரின் முகம் சுருங்கியது. சிலேட்டில் எழுதினார்: "மெமோ குடுப்பாங்க. ஆளுங்க ஏற முடியாது."

"உங்க குடல்லயும் அதேதான். சத்து ஏறுறதுக்குள்ள வண்டி போயிடுது."

அடுத்த பையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் மணி எழுதினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். "டிரைவர் சீட் மாதிரி நிமிர்ந்து உக்காருங்க. முடிஞ்சும் ஒரு மணி நேரம் சாயக் கூடாது. சாஞ்சா சாப்பாடு மேல ஏறிடும்."

அதற்கப்புறம் ஒரு சொட்டு முந்தவில்லை. கடிகாரத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்து, இமைக்கக்கூட அனுமதி கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். சீரான, மெல்லிய சத்தம். "கிளம்பலாம்."

நர்ஸ் மனைவியைத் தனியே கூப்பிட்டாள். "வீட்டுல நீங்கதான்மா கண்டக்டர். நீங்க சொல்லாம சக்கரத்துல கை வைக்கக் கூடாது."

டிரைவர் அவசரமாகச் சிலேட்டை நீட்டினார்: "நேத்து கடைசி ஸ்டாப்புக்கு சிஸ்டர் ரெண்டு நிமிஷம் லேட்."

மனைவி எழுந்தாள். முதுகோடு ஒட்டிக்கொண்ட நாற்காலி லிஃப்ட் வரை அவளோடேயே வந்தது.