ரோஷெல் டீச்சருக்குக் கொரிய மொழி தெரியாது

1

இந்தக் கதை என் அக்கா சிரித்ததிலிருந்து பிறந்தது. தென்கொரியாவின் குன்சான் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மொழி நிலையத்தில் அக்கா ஹாக்யோங் அலுவலக உதவியாளர். கூட்டங்களில் இயக்குநர் பேசுவதை வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் அவள் வேலைதான். ராத்திரிச் சாப்பாட்டில், முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கடித்தபடி அன்றைய கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: கடற்காற்று தவழும் குன்சான் நகரின் டிசம்பர்க் காலையில், தொலைதூர தேசத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் கனவுகளைச் சுமந்தபடி

(வேண்டாம். நிலையத்தின் விளம்பரப் புத்தகம் எழுந்து வந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது போல இருக்கிறது.)

இரண்டாவது: ரோஷெல் ஜேகப்ஸ், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மிக நல்ல ஆசிரியை.

இதுவும் தேறாது. நல்ல ஆசிரியை என்றதும் நீங்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். சுமாரான ஆசிரியை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான ஆசிரியைக்கும் வீடும் விசாவும் வேண்டும்.

மூன்றாவது: ரோஷெல் டீச்சருக்குக் கொரிய மொழி தெரியாது.

இது இருக்கட்டும். பொய்தான், ஆனால் நான் சொன்ன பொய் இல்லை.

3

மீன் சந்தைக் கிழவிகளோடு விலைக்குச் சண்டை போடும் அளவுக்கு அவளுக்குக் கொரிய மொழி தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் இருமிக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம் “மருந்து சாப்பிட்டியா?” என்று அவன் மொழியிலேயே கேட்டுவிட்டாள். இயக்குநர் பியோ உடனே கூப்பிட்டு அனுப்பினார்.

“நீங்களே நம்ம பாஷையில பேசினா, வெளிநாட்டுக்காரங்ககிட்ட படிக்கிறோம்ங்கிற திருப்தி பசங்களுக்கு எப்படிம்மா வரும்?”

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அவளுக்குக் கொரிய மொழி தெரியாது. வருஷங்கள் போகப் போக இயக்குநரே அதை நம்பிவிட்டார். பொய் சொல்லச் சொல்லிவிட்டு அந்தப் பொய்யிலேயே ஏமாறுவது மேலதிகாரிகளுக்கு மட்டுமே வாய்க்கும் பாக்கியம்.

[அடிக்குறிப்பு போல ஒன்று: விளம்பரப் புத்தகத்தில் ரோஷெலின் வகுப்பு இருக்கிறது, ரோஷெல் இல்லை. பலகை முன்னால் நிற்பவன் உக்ரைனிலிருந்து இயந்திரவியல் படிக்க வந்த மாணவன். தலைமுடி பொன்னிறம், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி. மாநிறக்காரியான ரோஷெல்தான் அவனுக்கு ஆசிரியரைப் போல நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும் என்று நினைத்தாள், பாவம். “பாவம்” என்பதை அடித்துவிடுகிறேன்.]

4

இனி கூட்டம். மேசையைச் சுற்றி மூன்று பேர்: இயக்குநர், ரோஷெல், நடுவில் அக்கா. ரோஷெலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பியோ கொரிய மொழியில் பேசினார்.

“அடுத்த வருஷம் இந்தம்மா வேணாம். கனடாக்காரன் ஒருத்தன் கிடைச்சிருக்கான், போட்டோவுக்கு நல்லாருப்பான். இவங்க ஒப்பந்தம் பிப்ரவரியோட முடியுதுல்ல? குளிர்கால முகாம் முடியட்டும், அப்புறமா சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா வேற இடம் தேட ஆரம்பிச்சுடுவாங்க. முகாமுக்கு வர்ற வாண்டுங்களை அப்புறம் யாரு மேய்க்கிறது? நீயா?”

“சார், அவங்க வீடு நிலையத்தோடது. விசாவும் இந்த வேலையை வச்சுத்தான். கடைசி நேரத்துல சொன்னா...”

“அது அவங்க பாடு. நீ இங்கிலீஷ்ல நல்லதா நாலு வார்த்தை சொல்லு. மூஞ்சியை இப்படி வச்சுக்காதே, சிரிச்சுக்கிட்டே சொல்லு.”

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: “டீச்சர், நீங்க இல்லாம இந்த நிலையத்தை நினைச்சே பார்க்க முடியலையாம். நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சார் சொல்றாரு.”

ரோஷெலுக்குக் கொரிய மொழி தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியும். இருவரும் வாராவாரம் ஒரே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, கொரிய மொழியிலேயே இயக்குநரைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர்கள். (இந்த இடத்தில் அக்காவை ஒரு கதாபாத்திரமாக என்னால் நம்ப முடியவில்லை. அக்காவாக நம்புவதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.)

“ஏதாவது சொல்லணுமான்னு கேளு,” என்றார் பியோ.

அக்கா கேட்டாள். ரோஷெல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு அக்கா கதையை நிறுத்திவிட்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னடி அப்புறம்? சூப் ஆறுது, குடி.”

“அவங்க என்னக்கா சொன்னாங்க?”

“உனக்கெதுக்குடி அதெல்லாம்? போலீஸ் மாதிரி கேக்குறா பாரு!”

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

5

ஆகவே முடிவுகளை நானே செய்து பார்த்தேன்.

முதல் முடிவில் ரோஷெல் சுத்தமான கொரிய மொழியில், மரியாதை கொஞ்சமும் குறையாமல், “எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன்” என்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். சிக்கல் என்னவென்றால், பியோவும் கைதட்டுவார். வெட்கப்படும் உறுப்பு அவருக்கு இல்லை. “அடேயப்பா, எவ்வளவு அழகா பேசறாங்க! இத்தனை நாளா மறைச்சுட்டீங்களே!” என்பார். மறுநாள், விதியை மீறி நிலையத்துக்குள் கொரிய மொழி பேசியதற்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்.

இரண்டாவதில் அவள் நன்றி சொல்லிவிட்டு ரகசியமாக வேறு ஊரில் வேலை தேடுகிறாள், முகாமுக்கு முன்பே கிளம்பிவிடுகிறாள், வாண்டுகள் பியோவின் தலையில் ஏறி... இல்லை. ஒப்பந்தத்தின் நடுவில் வேறு இடத்துக்கு மாறப் பழைய முதலாளி சம்மதக் கடிதம் தர வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? குடும்பத் தலைவர்தான்.

மூன்றாவது: அக்கா எழுந்து நின்று, “மன்னிச்சுக்கோங்க டீச்சர், சார் சொன்னது அது இல்லை, அவர் சொன்னது

இதற்கு மேல் போகவில்லை. அக்காவின் வேலையும் வருஷா வருஷம் கையெழுத்தாகிற வேலைதான்.

6

அந்த அறையில் அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். பியோ கடிகாரத்தைப் பார்க்கிறார், அக்கா இன்னும் சிரிப்பைக் கழற்றவில்லை, ரோஷெல் வாயைத் திறக்கிறாள். அவள் எந்த மொழியில் என்ன சொல்கிறாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் கைக்கு நோகாது. ஒன்று மட்டும் வேண்டாம். அவளைப் பெருந்தன்மையாக மன்னிக்க வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். பிப்ரவரிக் குளிரில் வீட்டைக் காலி செய்யப் போகிறவள் அவள், நீங்கள் இல்லை.