ஐஸ் என்று நினைத்தேன்

என் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கல்யாணத்தன்று கோயிலில் மோதிரம் போட்டுவிட்ட செபாஸ்டின், "என்னளா இது, ஐஸ் பெட்டிக்குள்ள கிடந்த மீனைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று காதோரம் சொன்னார். சாமியார் முறைத்தார். செபாஸ்டின் கை அதற்கு நேர்மாறு. எந்நேரமும் சுடும். ஆறு வருஷம் கப்பல் சமையல்கட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் உரித்த கை அது. அந்தக் கையால் ஒரு நாளாவது சட்டியைத் தொட்டுச் சமைக்க வேண்டும், சமையல்காரன் என்று பேர் வாங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வெறி.

எழுபத்தாறாம் வருஷம் மே மாதம் அதற்கு ஒரு வழி வந்தது. புதுத் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் வந்து நின்றது. அதில் சீஃப் ஸ்டூவர்ட் அம்புரோஸ் அண்ணாச்சி, மணப்பாட்டுக்காரர். சமையல்கட்டுக்கு ஆள் வைப்பதும் இறக்குவதும் அவர் கையில். செகண்ட் குக் பாதியில் இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, எட்டு மாதமாகக் கரையில் கிடந்த என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அண்ணாச்சி தன் தங்கச்சி பேபியக்கா வீட்டில் தங்கியிருந்தார்.

"கேப்டன் வெள்ளைக்காரன். ஞாயித்துக்கிழமை பை இல்லைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான்" என்றாராம் அண்ணாச்சி. "போன குக்கு போட்ட மாவு செருப்புத் தோலு மாதிரி இருந்துச்சு. உனக்கு வருமாலே?"

"வரும் அண்ணாச்சி."

"உன் கையாலயா? எவனாவது செஞ்சதைக் கொண்டுவந்து காட்டக்கூடாது பாத்துக்கோ."

"என் கையாலதான் அண்ணாச்சி."

"அப்ப நாளைக்கு மத்தியானம் கொண்டா. மறுநாள் கப்பல் போயிரும்."

பை என்பது ஒரு வெள்ளைக்காரப் பலகாரம். மைதாவை மெல்லிசாகத் தேய்த்துத் தட்டில் விரித்து, உள்ளே சீனியில் வெந்த பழத்தை வைத்து, மேலே இன்னொரு மாவால் மூடிச் சுடுவார்கள். பழம் பெரிய விஷயமில்லை. மாவுதான் விஷயம். வாயில் வைத்தால் ஏடு ஏடாகப் பிரிந்து உதிர வேண்டும். செபாஸ்டின் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரே தவிர ஒரு நாளும் செய்ததில்லை. அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. எனக்கே மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

எங்கள் திரேஸ்புரத்தில் மே மாதம் காலை ஏழு மணிக்கே வீடு கொதிக்கும். அவர் மைதாவில் வெண்ணெயைப் போட்டுக் கை வைத்ததும் வெண்ணெய் உருகி எண்ணெயாக ஓடியது. மாவு பசையாக விரலில் அப்பிக்கொண்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் மனுஷன் அழுதிருப்பார்.

"தள்ளுங்க" என்றேன். "சொல்லுங்க, செய்யுதேன்."

"நீ செய்யக்கூடாது ளா. என் கையாலன்னு சொல்லிட்டேன்."

"உங்க கையால செஞ்சா கஞ்சி காய்ச்சித்தான் கொண்டு போகணும்."

இறால் கம்பெனியிலிருந்து அரைக் கட்டி ஐஸ் வாங்கிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். மேலே ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவிவிட்டு ஒரு துண்டை உடைத்துப் போகணியில் போட்டு, அதன் மேல் மாவுத் தட்டை வைத்தேன். வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கினேன். நுனி விரலால் மட்டும் தொட்டு மாவோடு நிமிண்டினேன். பாதி வெண்ணெய் புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது, மீதி அப்படியே துண்டு துண்டாகக் கிடந்தது. அப்படித்தான் கிடக்க வேண்டுமாம். சூட்டில் அந்தத் துண்டு உருகிய இடம்தான் ஏடாகப் பிரியுமாம். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்தேன்.

"பிசையாத ளா, பிசையாத. பரோட்டா இல்ல இது."

"வாய மூடிக்கிட்டு மாங்காயக் கிளறுங்க."

ஆப்பிளுக்கு எங்கே போவது? கிளிமூக்கு மாங்காயைச் சீவி, சீனியும் கிராம்பும் போட்டு வேகவைத்தார். அந்த வேலை மட்டும் அவருடையது.

தேய்க்கும்போது மறுபடி வம்பு. கட்டையில் வெண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. யோசித்துப் பார்த்து, நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்தேன். ஐஸை அம்மிக் குழவியால் சிதைத்து அதன் வாய் வழியாகத் திணித்து, தக்கை அடைத்து, அதையே உருட்டுக்கட்டையாக்கினேன். பாட்டில் சில்லென்று மாவின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே என் புத்தியை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. பாதியில் ஐஸ் கரைந்துவிட்டதால் மாவுக்குப் பக்கத்திலேயே வைத்து மறுபடி நிரப்பினேன். ஒரு துண்டு பாட்டில் வாயில் சிக்கிக்கொண்டது. குழவியால் இரண்டு தட்டுத் தட்டினேன். துணுக்குகள் தெறித்து மாவில் விழுந்தன. பெரியதைத் தள்ளிவிட்டேன். சின்னது கிடக்கட்டும், எப்படியும் தண்ணீர் தெளிக்கத்தானே வேண்டும் என்று மாவை மடித்துத் தேய்த்தேன்.

பெரிய சட்டியில் மணல் பரப்பி, தட்டை உள்ளே வைத்து, மூடி மேல் தணல் போட்டுச் சுட்டேன். திறந்தபோது வீடே மணத்தது. நகத்தால் தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது. செபாஸ்டின் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கப்பல்ல என்ன செய்வீங்க? என்னையும் பெட்டியில வச்சுக் கொண்டு போவீங்களா?"

"அங்கன குளிர் ரூம் உண்டு. அங்கன என் கையும் குளிர்ந்துரும்" என்றார். துணி போட்டு மூடி, கூடையில் வைத்து, சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார். மணி பதினொன்றரை இருக்கும்.

நான் சாமான் கழுவ உட்கார்ந்தேன். பாட்டிலைக் கழுவும்போது விரலில் சுருக்கென்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாயின் ஓரத்தில் நகத்துண்டு அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

காலையில் கழுவும்போது வாய் முழுசாக இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அதைச் சுற்றி விரலை விட்டுத்தானே கழுவினேன். பலகையைத் தடவினேன். போகணித் தண்ணீரை வடிகட்டினேன். மிச்ச மாவைப் பிட்டுப் பிட்டுப் பார்த்தேன். தரையில் முட்டி போட்டு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாவை மடிக்கும்போது மினுக்மினுக்கென்று கிடந்த ஒரு துணுக்கு, சுற்றிலும் இருந்ததெல்லாம் கரைந்த பிறகும் கரையாமல் கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மடித்தேன்.

அண்ணாச்சி முகம் கண்ணில் வந்தது, பேபியக்கா முகம் வந்தது, அவளுடைய நாலு வயசு மகள் கிளாடிஸ் முகம் வந்தது. இனிப்பு என்றால் அந்தப் பிள்ளை மெல்லாது, விழுங்கும்.

உடனே ஓடினேன் என்று சொன்னால் அது பொய். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனால் நான் செய்தது என்று தெரிந்துவிடும். செபாஸ்டினுக்குக் கப்பல் கிடையாது. ஒருவேளை கண்ணாடி வேறு எங்கேயாவது தெறித்திருக்கலாம். ஒருவேளை யார் பல்லிலாவது பட்டு, துப்பிவிடலாம். இப்படியே ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன்.

பேபியக்கா வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். ஒரு மைல் இருக்கும். செருப்பு போட மறந்துவிட்டேன். தார் ரோடு காலைச் சுட்டது, அதுவும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. உப்பு லாரி ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் ஏதோ திட்டினான். "மாதாவே, அவங்க இன்னும் வெட்டியிருக்கக் கூடாது" என்று அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

வெட்டியிருந்தார்கள். மேஜையில் நாலு தட்டு. அம்புரோஸ் அண்ணாச்சி கையில் கத்தி. தட்டில் முதல் துண்டு, ஏடு ஏடாக அப்படியே நின்றது. கிளாடிஸ் நாற்காலியில் முட்டி போட்டு நின்றுகொண்டு கையை நீட்டியிருந்தாள். யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தின்னாதீங்க. அதுல கண்ணாடி கிடக்கு."

பேபியக்கா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணாச்சி கத்தியைக் கீழே வைத்தார். "கண்ணாடியா? பையில கண்ணாடி எப்படிம்மா வரும்?"

நான் செபாஸ்டினைப் பார்த்தேன். அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஆனாலும் நான் சொல்லத்தான் வேண்டும். "பாட்டிலால தேச்சேன் அண்ணாச்சி. வாய் உடைஞ்சிருக்கு. துண்டைக் காணல."

"நீயா தேச்ச?"

"அவளுக்கு வெயில் மண்டையில ஏறிட்டு அண்ணாச்சி" என்றார் செபாஸ்டின். "நான்தான் செஞ்சேன். கட்டையாலதான் தேச்சேன். இவ அடுப்படிப் பக்கமே வரல. கோட்டிக்காரி மாதிரி உளறுதா." சிரிக்கக்கூடப் பார்த்தார். "கண்ணாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க."

வெட்டிவைத்த துண்டைக் கையில் எடுத்துக் கடித்தார்.

நல்ல மாவு என்றால் கடிக்கும்போது சத்தம் வர வேண்டும். வந்தது. நொறுநொறுவென்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. மாவு நொறுங்குகிறதா கண்ணாடி நொறுங்குகிறதா என்று காதால் எப்படிக் கண்டுபிடிப்பது? "துப்புங்க, ஏங்க, துப்புங்க" என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்றார். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நெற்றியில் வேர்வை வழிந்தது. விழுங்கினார். தொண்டை மேலே ஏறி இறங்கியது.

"பாத்தீங்களா அண்ணாச்சி" என்றார். மறுபடி கடித்தார்.

செய்தவனே தின்கிறான் என்றால் அப்புறம் யார் பயப்படுவார்கள்? அண்ணாச்சி முகம் தெளிந்தது. "சத்தமே சொல்லுதே, பதம் நல்லா வந்திருக்கு" என்று கத்தியை எடுத்து இன்னொரு துண்டு வெட்டினார். பேபியக்கா பிள்ளையின் கையை விட்டுவிட்டாள். அண்ணாச்சி அந்தத் தட்டை செபாஸ்டின் பக்கம் தள்ளி, "பிள்ளைக்குக் கொடுலே, பாவம், ஏங்கிப்போச்சு" என்றார்.

செபாஸ்டின் தட்டை எடுத்தார். ஒரு நொடி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கிளாடிஸ் முன்னால் நீட்டினார்.

அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்தத் தட்டைத் தட்டிவிட்டேன். மேஜைமேல் இருந்த பை முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளிக் கசக்கினேன். பேபியக்கா கூப்பாடு போட்டாள். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. மாங்காயும் மாவும் விரல் இடுக்கில் பிதுங்கி மேஜை விரிப்பில் வழிந்தது. ஏடு ஏடாகப் பிய்த்தேன். அடிமாவில் ஓரமாக ஏதோ உள்ளங்கையில் குத்தியது. ரத்தம் வந்தது. அந்த வலியைப் போல ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. இரண்டு விரலால் அதைப் பிடுங்கி, சேலையில் துடைத்து, மேஜையில் வைத்தேன்.

சின்னதுதான். இளம்பிறை மாதிரி வளைந்திருந்தது.

பேபியக்கா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்புரோஸ் அண்ணாச்சி அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கிளாடிஸைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

செபாஸ்டின் தரையைப் பார்த்தார். "அவதான் அண்ணாச்சி."

"நல்ல கை. எங்க கப்பல்ல எவனுக்கும் இப்படி வராது." பிறகு செபாஸ்டினிடம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "நீ மாவு போடத் தெரியாம வந்திருந்தாக்கூட நான் உன்னைய எடுத்திருப்பேன்லே. கத்துக்கிடலாம். அவ கண்ணாடின்னு சொன்ன பிறகு, நீ தின்ன. அது உன் பாடு. பிள்ளைகிட்ட நீட்டினியே. முப்பத்திரெண்டு பேரு திங்கிற சோத்தை உன்கிட்ட நான் எப்படி விடுவேன்? போ."

என்னிடம், "கைக்குக் கட்டுப் போட்டுட்டுப் போம்மா" என்றார். பேபியக்கா துணி கிழித்துக் கொடுத்தாள். கண்ணீரோடு என் கையைப் பிடித்தவள், "என்னளா இவ்வளவு சில்லுன்னு இருக்கு" என்றாள்.

வெளியே வந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெறுங்கூடை ஆடிக்கொண்டிருந்தது. கோயில் மதிலோரம் நிழலில் நிறுத்தி, "தொண்டையில ஏதும் குத்துதா? வயித்துல?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"கண்ணாடி இருக்குன்னு தெரியுமா, தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"பிறகு?"

"நான் தின்னா தின்னுட்டுப் போறேன்னுதான் நினைச்சேன். அந்தத் தட்டை எடுத்தப்ப சொல்லணும்னு நினைச்சேன் பிலோமி. சத்தியமா நினைச்சேன். வாய் திறக்கல. கை மட்டும் போச்சு." ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். யாருடையதோ கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எனக்கு என்னைய நினைச்சாப் பயமா இருக்கு ளா."

இல்லை, அப்படியெல்லாம் இல்லை, விடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். பெண்டாட்டி என்றால் அதைத்தான் சொல்வாள். கூடவே வாழப்போகிறவள், நாளைக்கு அவர் பிள்ளையைப் பெறப்போகிறவள்.

"எனக்கும்தான்" என்றேன்.