நிற்காமல் வந்தவள்

"எந்திரிச்சே... கொன்னுபோடுவேன்!"

குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்தட்டில், மெத்தையில் மல்லாந்து கிடந்த சொர்ணலதாவைப் பார்த்து அலறினான் அவள் கணவன் செந்தில்நாதன். ஹனூரிலிருந்து மைசூர் வரை அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

காரணம், அரை சென்டிமீட்டர்.

மால் காவலாளி வேலைக்கு உயரம் நூற்று ஐம்பத்தைந்து வேண்டும். போன மாதம் ஒரு சாயங்காலம் அளந்தபோது நூற்று ஐம்பத்து நாலரை. இன்றுதான் கடைசி வாய்ப்பு. நாளெல்லாம் நின்றால் பூமி இழுக்கிற இழுப்பில் முதுகெலும்பு அமுங்கி ஆள் குறைவார், படுத்து எழுந்தால் மறுபடி நீள்வார் என்று செல்போனில் படித்திருந்தாள். நேற்றிரவு படுத்தவள் இன்னும் எழவில்லை. மெத்தையோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

"ஏனுங், இட்லியாச்சும் உக்காந்து திங்கட்டுமா?"

"படுத்துட்டே தின்னு புள்ள. உக்காந்தாலும் அமுங்குமாம்."

மைசூரில் தேவராஜ மொஹல்லா. மாலுக்குக் காவலாளி அனுப்பும் கம்பெனி வாசலில் நாற்பது பெண்கள் வரிசை. செந்தில்நாதன் மெத்தையை வரிசையில் போட்டான். வரிசை நகர நகர, இழுத்தான்.

ஆளெடுக்கும் அதிகாரி தொட்டையன் பாய்ந்து வந்தார். "ஏனம்மா, மயக்கமா? மயக்கம் வர்றவங்களுக்கு இங்க வேலை இல்ல!"

"மயக்கம் இல்லீங் சார். உயரத்தைச் சேத்து வெச்சிருக்கறேன்."

"நாடகமெல்லாம் பேடா, வேண்டாம். ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு காட்டு. அப்புறம்தான் அளவு."

நின்றால் உயரம் போகும். நிற்காவிட்டால் வேலை போகும்.

"மொதல்ல அளந்துருங் சார். அப்பறம் பொழுது சாயற வரைக்கும் நிக்கறேன்!"

"அளந்து தொலைங்க சார்," பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "மெத்தை வழிய அடைக்குது!"

துள்ளி எழுந்தாள். நாலே எட்டு வைத்தாள். அளவுகோலின் கீழ் விறைத்து நின்றாள். கட்டை இறங்கியது.

நூற்று ஐம்பத்தைந்து!

தொட்டையன் பதிவேட்டில் மையால் எழுதினார். பிறகு வெயிலில் ஒரு மணி நேரம். அவள் அசையவில்லை. அவருக்குத்தான் சந்தேகம். மறுபடி அளந்தார்.

நூற்று ஐம்பத்து நாலரை.

"ஏனிது?"

"நீங்கதான நிக்க வெச்சீங்? பூமி இழுத்துக்கிச்சு."

மை காய்ந்துவிட்டிருந்தது. தொட்டையன் பெருமூச்சுடன் சீருடையை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வா. பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். நாற்காலி கிடையாது."

செந்தில்நாதன் பதறினான். "அப்ப தினமும் குள்ளமாயிருவாளே சார்!"

"ஆகட்டும். உள்ளே வந்துட்டா அப்புறம் யாருய்யா அளக்கறாங்க?"