கால் ஊன்றாத பழனிமுத்து

திருப்பூர் மண்ணரை பழனிமுத்து ஆறு வருடம் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அவனோடு காஷ்மீர் வரை மிதித்துப் போன குழுவில் மற்ற எல்லோரும் ரயிலேறித் திரும்பி வந்து, இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்து, வேலைக்குப் போய், அதில் இரண்டு பேர் தொப்பைகூடப் போட்டுவிட்டார்கள். அவன் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தான். வருடத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், ஊத்துக்குளி ரோடு வழியாக ஊருக்குள் வருவான். தன் வீட்டுத் தெருவில் நுழைந்து, வீட்டைக் கடந்து, மறுமுனையில் பாலத்தில் ஏறித் தெற்கே கன்னியாகுமரிக்குப் போய்விடுவான். அங்கே கடலைப் பார்த்ததும் திரும்பி, கிழக்குக் கரையோரமாக வடக்கே. நூல் விலை ஏறியதா இறங்கியதா என்று பேசுகிற டீக்கடையில், பழனிமுத்து இப்போது நாக்பூர் தாண்டியிருப்பான் என்றும் பேசிக்கொள்வார்கள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சாப்பாடு கை நீட்டிய இடத்தில் கிடைத்தது; சைக்கிளில் போகிறவனுக்குச் சோறில்லை என்று இந்த நாட்டில் யாரும் சொல்வதில்லை. தூக்கம், ரோடு நேராக இருக்கும் இடங்களில். முடிவெட்டுகிறவர் யாராவது பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்து வெட்டிவிடுவார். மற்ற விஷயங்களை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

கிளம்புவதற்கு முன் அவன் நல்லூரில் சசிகுமாரின் நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தான். பனியன் துணி பின்னுகிற மிஷின் வட்டமாகச் சுற்றும். சுற்றச் சுற்றத் துணி குழாய் மாதிரி கீழே இறங்கி ரோலாகச் சேரும். பாதியில் மிஷின் நின்றால், நின்ற இடத்தில் துணியைச் சுற்றி ஒரு கோடு விழும். மெல்லிய கோடுதான், ஆனால் சாயம் ஏறினால் பல்லை இளிக்கும். அந்தத் துணியை யாரும் வாங்கமாட்டார்கள். பழனிமுத்து ஓட்டுகிற மிஷினில் கோடு விழாது. நூல் சுற்றிய ஒரு கோன் தீருவதற்குள் அடுத்த கோனின் நூலை முடிந்துவிடுவான். ரோல் இறங்கும் வரை ஒன்னுக்குக்கூடப் போகமாட்டான் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள்.

இந்த வீம்புக்குக் காரணம் சாரதாமணி. அதே கம்பெனியில் அவள் துணி செக்கிங். விளக்கெரியும் கண்ணாடி மேசையின்மேல் துணி ஓடும். பழுதைக் கண்டால் சாக்பீஸால் வட்டம் போடுவாள், தேறாதென்றால் ரிஜெக்ட் என்று எழுதித் தள்ளிவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பழனிமுத்துவின் முதல் ரோலிலேயே கோடு. அதை எல்லோர் முன்னாலும் விரித்துப் போட்டு, "ஏனுங்க, பனியன் துணி பின்னச் சொன்னா ரூல் போட்ட நோட்டு பின்னி வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள். கம்பெனியே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அதற்கப்புறம் அவன் மிஷினில் கோடு விழவேயில்லை. ஒவ்வொரு ரோலாகக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்து, அவள் பாஸ் என்று எழுதுகிறவரை பக்கத்திலேயே நிற்பான். அப்படி நின்று நின்றே அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் ஆகி மோனிஷா பிறந்த பிறகும், பெண்டாட்டியிடம் நல்ல பேர் வாங்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சைக்கிள் குழு சசிகுமாருடைய ஏற்பாடு. சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியதில் மிதிக்க ஆரம்பித்த முதலாளிமார் சிலரும், ஒரு வங்கி மேனேஜரும், ஒரு சாயப்பட்டறைக்காரரும் அதில் இருந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் என்று முடிவானதும், தினமும் மண்ணரையிலிருந்து நல்லூருக்கு மிதித்தே வருகிற பழனிமுத்துவையும் சசிகுமார் விடவில்லை. "வாங்கண்ணா, ஊரு நாடெல்லாம் பாத்துட்டு வரலாம்" என்று வற்புறுத்தினான். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் தைத்தார்கள். கன்னியாகுமரியில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். கிளம்புகிற நேரத்தில் பழனிமுத்து சாரதாமணிக்குப் போன் போட்டு, "ரோல் எறங்கற வரைக்கும் நிறுத்தமாட்டேன், கோடே உழுகாது பாரு" என்றான். "பாக்கறனுங்க, பாக்கறேன்" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே சீட்டில் ஏறியவன்தான்.

மதுரை வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை. டீக்கு நின்றால் இவன் கடையை வட்டமடித்தபடியே டம்ளரை வாங்கிக் குடித்தான். ஆசாமிக்கு உற்சாகம் என்று நினைத்தார்கள். சேலத்தில் அவர்கள் தூங்கிய லாட்ஜை விடியும் வரை சுற்றினான். ஐதராபாத் தாண்டியதும் சசிகுமார் பக்கத்தில் மிதித்து வந்து, "எறங்குங்கண்ணா, போதும்" என்றான். "எறங்கத்தான் பாக்கறேன் தம்பி, காலு வரமாட்டீங்குது" என்று பழனிமுத்து கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். ஸ்ரீநகரில் ஏரிக்கரையில் எடுத்த குழுப் படம் இப்போதும் சசிகுமாரின் ஆபீஸில் மாட்டியிருக்கிறது. இடதோரம் தெரிகிற பாதி முதுகு பழனிமுத்துவுடையது.

முதல் தை மாதம் அவன் ஊருக்குள் வந்தபோது சசிகுமாரும் இன்னும் சிலரும் தெருமுனையில் காத்திருந்து கேரியரைப் பிடித்து நிறுத்தினார்கள். நின்றது, ஒரு மூச்சு விடுகிற நேரம். அதே நேரத்தில் மண்ணரையில், நல்லூரில், திருப்பூர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மிஷின் ஒன்று பாக்கியில்லாமல் நின்றது. கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றியது, மிஷின் மட்டும் சுற்றவில்லை. சத்தம் அடங்கியதில் பயந்துபோய்க் கையை விட்டார்கள். அவன் மிதித்தான், மிஷின்களும் ஓடின. அன்றைக்கு இறங்கிய அத்தனை ரோலிலும் ஒரு கோடு. அந்த மாதம் ஏற்றுமதி படுத்துவிட்டது.

அப்புறம் முதலாளிமார் சேர்ந்து சாரதாமணியின் வீட்டுக்கு வந்தார்கள். தேங்காய் பழத் தட்டோடு வந்து, பாயில் உட்கார்ந்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். "தப்பா நெனைக்காதீங்க. அவரு பாட்டுக்கு ஓடட்டுமுங்க. இத்தன சனம் பொழைக்கற ஊருங்க." அவள் சரிங்க என்று சொல்லி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். சசிகுமார் மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவர்கள் போனதும் தட்டிலிருந்த பழத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பீகார்க் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஊர் பிழைக்க வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவளுக்குப் புருஷன் வேண்டும். பக்கத்தில் படுத்துக் குறட்டை விட ஓர் ஆள் வேண்டும். இதைத் தேங்காய்த் தட்டோடு வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

வருடத்துக்கு ஒரு தெரு நீளம்தான் அவளுக்குப் புருஷன். தை பிறந்தால் தினமும் சோற்றுப் பையோடு தெருமுனையில் நிற்பாள். மஞ்சள் பனியன் தெரிந்ததும் கூடவே ஓடுவாள். போனில் பேசினால் காற்றில் பாதி வார்த்தை பறந்துவிடும், ஆகவே முக்கியமானதையெல்லாம் இந்த ஓட்டத்துக்கு என்று சேர்த்து வைத்திருப்பாள். ஆனால் வாயில் வருவது வேறு. ஓடு ஒழுகியதையும், கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோவதையும், மோனிஷாவுக்குக் கணக்கு வராததையும் சொல்லி முடிப்பதற்குள் பாலம் வந்துவிடும். ஒரு வருடம், "காலு வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். "வலிக்கறதில்ல. உன்ற மொகந்தான் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டீங்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் மறைகிற வரைக்கும் இளைத்தபடி நின்றாள். அப்புறம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கம்பெனிக்குப் போனாள்.

அப்பா கிளம்பியபோது ஆறாவது படித்த மோனிஷா பிளஸ் டூ வந்துவிட்டாள். ஒரு காலை, தலை பின்னிக்கொண்டே, "ஏம்மா, அப்பா நின்னா எவ்வளவு ஒசரம் இருப்பாரு?" என்று கேட்டாள். தோசை வார்த்துக்கொண்டிருந்த சாரதாமணி இவ்வளவு என்று காட்டக் கையைத் தூக்கினாள். கை நெற்றிக்கு நேராகப் போனது, கொஞ்சம் மேலே போனது, மறுபடி இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்த ஆளைத்தான் கண்ணுக்குள் பார்க்க முடிந்தது. அடுப்பை அணைக்காமல் கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மோனிஷா பதறிப்போய், "சும்மா கேட்டம்மா, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தோசை கருகிவிட்டது.

அந்த வருடம் தையில் சாரதாமணி பையை எடுத்துக்கொள்ளவில்லை. வெறுங்கையோடு போய் நின்றாள். பழனிமுத்துவின் தாடி நரைத்திருந்தது, மஞ்சள் பனியன் வெளிறி வெள்ளையாகிக்கொண்டிருந்தது. அவள் கூடவே ஓடினாள்.

"சோறெங்க புள்ள?"

"ஊட்டுல இருக்குதுங்க. எறங்கி வந்து உக்காந்து சாப்புடுங்க."

"வெளையாடாத சாரதா. கோடு உழுந்துரும். ஊருக்கே உழுந்துரும்."

"உழுந்தா உழுகட்டும். கோட்டப் பாக்கறவ நாந்தானுங்களே? நாம்பாத்துக்கறேன். எறங்குங்க."

அத்தனை வருடத்தில் கேரியரைப் பிடித்தவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. இதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்லவேண்டியவளுக்கும் அதுவரை தோன்றவில்லை. அவன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்து இடது காலைக் கீழே வைத்தான்.

திருப்பூர் நின்றது. நல்லூரில் ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் முதல் தடவையாகக் காதில் விழுந்தது என்று சொல்கிறார்கள். ஒடிசாப் பையன்களும் தேனிப் பக்கத்துப் பெண்களும் கம்பெனிகளை விட்டு வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தார்கள். பழனிமுத்துவுக்கு நடக்க வரவில்லை. முழங்கால் மிதிக்கிற மாதிரி வட்டமடித்தே இறங்கியது. தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வாசலில் நிமிர்ந்து நின்றபோது மோனிஷா பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவள் இரண்டு விரற்கடை அதிக உயரமாயிருந்தாள். "அடேங்கப்பா! யாரு கண்ணு நீயி?" என்று சிரித்தவன், சிரித்தபடியே அழுதான். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். பாயில் சாய்ந்தான். குறட்டை தெருவுக்கே கேட்டது.

முதலாளிமார் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் சேர்ந்தன. ஒருவர் கதவைத் தட்டக் கை ஓங்கினார், சசிகுமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "தூங்கறாருங்க" என்றான். அவர்கள் உள்ளே பார்த்தார்கள். சாரதாமணி தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தெருவிலேயே நின்றார்கள்.

வெயில் தாழ்ந்ததும் அவனாகவே எழுந்தான். "எழுப்பக் கூடாதா?" "மனசு வல்லீங்க." அவன் வாசலில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தான். "ரோல் பாதில நிக்குதே, சாரதா." "இருந்துட்டா என்னங்க?" என்று அவள் கேட்டாள். வேட்டிக்குள் அவன் கால்கள் இரண்டும் உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல மிதித்துக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோய், அவளே சைக்கிளைத் தெருவில் இறக்கிப் பிடித்துக்கொண்டாள். பாலம் வரைக்கும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனாள். மிஷின்கள் ஓட ஆரம்பித்தன.

மறுநாள் செக்கிங் மேசைக்கு வந்த துணிகள் எல்லாவற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குக் கோடு. எல்லாக் கம்பெனியிலும் மேசையை நிறுத்திவிட்டு, நல்லூரில் சாரதாமணி மேசையில் என்ன ஆயிற்று என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாரதாமணி துணியை ஓடவிட்டாள். சசிகுமார் அவள் பின்னால் வந்து நின்றான். கோடு விளக்குக்கு மேலே வந்ததும் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். அவன் சாப்பிட்டதும் குறட்டை விட்டதும் அதில் இருந்தன. சாக்பீஸை எடுத்துப் பாஸ் என்று எழுதி, அடுத்த ரோலைப் போடச் சொன்னாள். சசிகுமார் அதைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லா மேசையிலும் பாஸ் ஆகிவிட்டது. வாங்குகிறவர்கள் இது என்ன என்று கேட்டார்கள், கொஞ்சம் விலை குறைத்துப் பேசினார்கள், அப்புறம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது தையில் அவன் இறங்கிச் சாப்பிட்டுத் தூங்குகிற அந்த அரை நாள் ஊரே நிற்கிறது. முதலாளிமார் அதற்குத் தகுந்த மாதிரி ஆர்டர் எடுக்கிறார்கள். மோனிஷா கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள், லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள். மற்ற நாளெல்லாம் அவன் ரோட்டில்தான், அவள் மேசையில்தான்.

உங்களிடம் திருப்பூர் பனியன் இருந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நெஞ்சுக்கு நேராக ஒரு கோடு தெரிந்தால், அந்தத் துணி மிஷினில் இருந்த நேரம் பழனிமுத்து வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். துவைத்தால் போகாது.