நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பஸ்

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் எத்தனை பேர் என்று கேட்டால், தோட்டத் தலைவர் அழகர் யோசிக்காமல் நானூற்றுப் பன்னிரண்டு என்பார். கொழும்பில் கடையில் நிற்பவர்கள், குவைத்துக்குப் போனவர்கள், பூனாகலையில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லாரும் அதில் அடக்கம். திருவிழாவுக்கு வருகிறவர்களை எப்படி விடுவது என்பது அவர் நியாயம். அந்தக் கணக்கை நம்பித்தான் பஸ் ஆபீஸ்காரர்கள் பதுளைக்கு ஒரு பஸ் விட்டார்கள். காலை ஆறேகாலுக்கு, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தடியில் புறப்படும். ஒரு வாரம் வெள்ளோட்டம். கடைசி நாளில் எண்ணிப் பார்ப்பார்கள், முப்பது பேராவது இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

அந்த பஸ் இருந்தால்தான் எனக்கு வேலை. பதுளையில் அலவி முதலாளியின் துணிக்கடையில் நிற்கிறேன். மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் பிடித்து மூன்று முறை பிந்தியாயிற்று. இன்னொரு நாள் பிந்தினால் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அழகர் பஸ்ஸுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். லயமே திரண்டு வந்து கும்பிட்டது. ஏறியது ஏழு பேர். பஸ் என்றால் டவுனுக்கு, டவுன் என்றால் முகம் கழுவிச் சேலை மாற்ற வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம்.

பாதிப் பழி என்மேல்தான். கொழுந்தெடுக்கப் போகும் என் அம்மா ராசம்மா, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக படியில் ஒரு காலை வைத்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம் அதே ரோட்டில் இரண்டு மைல் கீழேதான். நானோ புதுச் சேலையில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். "அம்மா, இந்தக் கோலத்துல ஏறாதீங்க" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். லயத்தில் மெல்லச் சொல்வதுதான் முதலில் பரவும். அம்மா காலை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற பெண்களும் நடக்கத் தொடங்கினார்கள்.

செவ்வாய் எட்டு, புதன் ஆறு. வியாழக்கிழமை கண்டக்டர் றில்வான் என்னிடம் வந்து, "நாளைக்கு எண்ணுறதுக்கு ஆபீஸால ஆள் வாறாரு தங்கச்சி. நானூறு பேரெண்டு சொன்னீங்களே, அவங்கெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

அவர்கள் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக எண்ணினேன், நாற்பதுக்கு மேல். பஸ்ஸுக்கு வழிவிட்டு அம்மா ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடையில் அன்று ஒரு துணியையும் ஒழுங்காக மடிக்கவில்லை.

சாயந்தரம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வரச் சொன்னேன். துருவுவதை அவர் நிறுத்தவில்லை.

"எந்தக் கோலத்துல?"

அழுகை வந்துவிட்டது. "அதே கோலத்துலதாம்மா" என்றேன்.

 அம்மா தேங்காய் மூடியை வைத்துவிட்டு ஒவ்வொரு காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக அம்மா ஏறினார், கூடையோடு. பின்னாலேயே லயம் ஏறியது. ஆபீஸ்காரர் ஐம்பத்து மூன்று வரை எண்ணினார், அதற்குமேல் அவருக்கே நிற்க இடமில்லை. நான் என் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, அவர் கூடையைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். மழையில் நனைந்த கூடை. என் சேலையின் முன்பக்கம் முழுக்க ஈரம், தேயிலைக் கறை.

பெரட்டுக்களத்தில் இறங்கும்போதுதான் அம்மா அதைப் பார்த்தார். "ஐயோ புள்ள, மொதலாளி ஏச மாட்டாரா?"

"கேட்டா எங்கம்மா கூடைன்னு சொல்றேன்" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.